இடப்பக்கம் பாருங்கள்

லோகநாதனுக்குக் கண் பார்வை ஒரேயடியாகப் போய்விடவில்லை. கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு உள்ளே வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் எதிரே வந்த மனைவியை யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த வெளிச்சமும் போயிற்று.

மனைவி தையல்நாயகி சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கார் அபார்ட்மெண்டுக்குக் கீழே உறை போர்த்திக் கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தால் லோகநாதன் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். கடைசியில் அவளே கேம்ப் ரோட்டில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஒரு தடவை வண்டி ஆஃப் ஆகி நின்றபோது, "இன்னாக்கா, இங்கயே குடித்தனம் பண்ணப்போறியா?" என்று ஓர் ஆட்டோக்காரர் கேட்டார். அன்று அழுதாள். மறுநாளும் போனாள். லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

ஒகேனக்கல் போய்வரலாம் என்று முடிவானதும், ஓர் ஆடியோ டூரை வாங்கி அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தது மகள் மிருதுளா. பெங்களூரில் வேலை பார்க்கிறவள். தாம்பரத்திலிருந்து ஒகேனக்கல் அருவி வரைக்கும் வழித்துணை அது. வண்டி எங்கே போகிறது என்பது போனுக்குத் தெரியும். அந்தந்த இடம் வந்ததும் ஒரு குரல் தானாகப் பேசும்.

"அப்பாவுக்கு ரேடியோ மாதிரி இருக்கும்மா. நீ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். முடிச்சூர் சாலைக்கு வந்ததும் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. கல்யாண வரவேற்பில் மைக் பிடிக்கிற ஆளைப் போலத் தேன் ஒழுகும் குரல். பக்கத்துச் சீட்டில் லோகநாதன் வலது காலை மட்டும் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தார். எங்கெல்லாம் பிரேக் போட வேண்டும் என்று நினைத்தாரோ அங்கெல்லாம்.

"மூணாவது கியருக்கு மாத்து. இன்ஜின் அழுவுது பாரு."

"மாத்திட்டேங்க."

படப்பையைத் தாண்டியதும் குரல், "இப்போது இடப்பக்கம் பாருங்கள். ஏரி நீர் வெள்ளியாக மின்னுவதைக் கண்குளிரக் காணுங்கள்" என்றது.

தையல்நாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. இதை யோசிக்கவே இல்லையே! ஒரு கையால் போனை அணைக்கப் போனாள். விரல் திரையில் பட்ட சின்னச் சத்தம் லோகநாதனுக்குக் கேட்டுவிட்டது.

"இருக்கட்டும், விடு" என்றார். பிறகு, "எப்படி இருக்கு ஏரி?" என்றார்.

"தெரியலைங்க. நான் எங்க பார்த்தேன்? முன்னாடி கன்டெய்னர் போகுது. அதோட பின்பக்கத்தத்தான் தாம்பரத்துலேர்ந்து பார்த்துக்கிட்டு வர்றேன்."

லோகநாதன் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அவளுக்கே அது ஒரு மாதிரி இருந்தது.

"டிரைவர் சீட்டுல உட்கார்ந்தா அப்படித்தான். ஏற்காடு போனோமே, மயில் மயில்னு கத்துனியே. நானும் 'ஆமா, அழகா இருக்கு'ன்னேன். மயிலும் பார்க்கல, ஒண்ணும் பார்க்கல. எதிர்ல வந்த லாரியத்தான் பார்த்தேன்."

"அடப்பாவி!" என்றாள் தையல்நாயகி.

அதன் பிறகு வழி லேசாகிவிட்டது. வாலாஜாபாத், காஞ்சிபுரம், வேலூர் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் குரல் மலையையோ கோட்டையையோ பார்க்கச் சொல்லும். "பார்த்தியா?" என்று அவர் கேட்பார். "பஸ் மறைக்குது" என்பாள் அவள். ஆம்பூரில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். தர்மபுரி தாண்டி, பென்னாகரத்தையும் தாண்டியபோது வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது.

அங்கிருந்து சாலை காட்டுக்குள் இறங்கத் தொடங்கியது. மலைச் சாலையில் தையல்நாயகி ஓட்டியதே இல்லை. முதல் வளைவைச் சமாளித்தாள். அடுத்த வளைவில் ஒரு பஸ் பெரிதாக ஹாரன் அடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி ஆஃப் ஆயிற்று. பஸ் ஒரு முழ இடைவெளியில் உரசுவது போலக் கடந்து போனது. இடப்பக்கம் தடுப்புச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வெறும் மர உச்சிகள். பின்னால் வேன் ஒன்று வந்து நின்றது.

"ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காட்டின் மூலிகைக் காற்றை ஆழமாகச் சுவாசியுங்கள்" என்றது குரல்.

"என்ன ஆச்சு? ஹேண்ட் பிரேக்கைப் போடு. கிளட்சை மிதி. நியூட்ரல்ல இருக்கா பாரு. செகண்ட் கியர் போட்டு மெதுவா விடு. பிரேக்குலயே கால வச்சுக்கிட்டு வராதே, சூடாயிடும்" என்றார் லோகநாதன்.

"அருவியின் ஓசையை இன்னும் சிறிது நேரத்தில்..."

பின்னால் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க!"

கத்திவிட்டு, போனைப் பிடுங்கிப் பின் சீட்டில் எறிந்தாள். அது அங்கே கவிழ்ந்து விழுந்து இன்னும் ஏதோ முணுமுணுத்தது. இதுவரை கணவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. லோகநாதன் கையால் தடவிச் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி, வேனைப் போகச் சொல்லி அசைத்தாள். வேன் போயிற்று. அதற்குப் பின் வந்த இன்னொரு காரையும் விட்டாள். தண்ணீர் குடித்தாள். சாலை காலியானதும் வண்டியைக் கிளப்பினாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்து, தனக்குத் தெரிந்த வேகத்தில் இறங்கினாள். பின்னால் யாராவது வந்தால் ஓரங்கட்டி வழிவிட்டாள். பாதி தூரம் போன பிறகுதான் ஓரக்கண்ணால் கவனித்தாள்: லோகநாதனின் வலது கால் அசையாமல் இருந்தது.

கீழே வந்து வண்டியை நிறுத்தியதும், "கோவமா?" என்றாள்.

"இல்ல. நல்லா ஓட்டுன. வாய மூடிக்கிட்டு வந்தா தூக்கம்கூட வருது."

பரிசல் துறையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்கள். பரிசல்காரர் லோகநாதனின் கையைப் பிடித்து ஏற்றியபோதும் கண் தெரியாதவர் என்று புரிந்துகொள்ளவில்லை. "சார், நீங்க இந்தாண்ட திரும்பிக்கோங்க. இங்கேர்ந்துதான் பெரிய அருவி முழுசா தெரியும்" என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியாதுப்பா. அவங்கள அங்க உக்கார வை. காலையிலேர்ந்து லாரியத் தவிர வேற எதையும் பார்க்கல அவங்க" என்றார் லோகநாதன்.

பரிசல்காரர் துடுப்பைக் கீழே வைத்தார். பிறகு இருவரையும் இடம் மாற்றி உட்காரவைத்தார்.

பாறைகளின் நடுவே பரிசல் போகப் போக இரைச்சல் கூடியது. ஒரு திருப்பத்தில் அருவி முழுதாக முன்னால் வந்தது. எத்தனையோ வாய்களிலிருந்து தண்ணீர் ஒன்றாகக் கொட்டியது. தையல்நாயகி அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். "வெள்ளையா, அப்படியே புகை மாதிரிங்க... வலது பக்கம் ஒரு பாறை, கறுப்பா..."

அவர் அவள் கையைத் தட்டினார். "வேணாம். எனக்குச் சொல்லணும்னு பார்க்காதே. நீ சும்மா பாரு."

அவள் நிறுத்திக்கொண்டாள். சும்மா பார்த்தாள். பரிசல்காரர் துடுப்பை ஒரு சுழற்று சுழற்றினார். பரிசல் ராட்டினம் போலச் சுற்றியது. சாரல் இருவர் மேலும் விழுந்தது. லோகநாதன் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சின்னப் பையனைப் போலக் கூச்சலிட்டார். அவர் கூச்சலிடுவதையும் பார்த்தாள், தண்ணீரையும் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்தச் சாரலில் அது யாருக்கும் தெரிய வழியில்லை.

கரையேறி, ஈர உடையோடு ஒரு மீன் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைக்கார அம்மா சுடச்சுட வறுத்த மீனை வாழையிலையில் வைத்தார். தையல்நாயகி முள் எடுத்துத் தரக் கையை நீட்டினாள். லோகநாதன் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரல்களால் தடவித் தடவி, நிதானமாக, முள்ளைப் பிரித்து ஓரமாக வைத்தார்.

"இங்க ரூம் கிடைக்குமா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"கேட்டா கிடைக்கும். எதுக்கு?"

"நாளைக்கும் ஒரு தடவை பரிசல்ல போலாம்."

"திங்கக்கிழமை எனக்கு ஸ்கூல் இருக்குங்க."

"நாளைக்கு மத்தியானம் கிளம்பினா சரியா இருக்கும். மெதுவாவே ஓட்டு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு ரூம் விசாரிக்க எழுந்தாள். அவர் கடைக்கார அம்மாவிடம் இன்னொரு மீன் வேண்டுமென்று சொன்னார்.