அணிக்கு ஒரு நாலு புள்ளி

எங்கள் பல்கலைக்கழகக் கோல்ஃப் அணியில் ஒன்பது பேர். வெளியூர்ப் போட்டிக்குப் போவது ஐந்து பேர். மீதி நாலு பேர் எதற்கு என்று கேட்டால் கோச் ஹாகன் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நானே சொல்கிறேன். மூன்று பேரின் அப்பாக்கள் நன்கொடை கொடுத்தவர்கள். நாலாவது, வெண்டல் சபாட்கா. அவனுடைய அப்பா நகராட்சி மைதானத்தில் புல் வெட்டுகிறவர். வெண்டல் கொடுத்தது மதிப்பெண்.

நான் மார்லீன் குபிக், விளையாட்டுத் துறையின் படிப்பு ஆலோசகர். பந்தடிக்கும் பிள்ளைகளைப் பரீட்சையில் கரையேற்றுவது என் பிழைப்பு. அணியின் மதிப்பெண் சராசரி மூன்று புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் கோச்சுக்கு வருடக் கடைசியில் எட்டாயிரம் டாலர் என்று அவருடைய ஒப்பந்தம் சொல்கிறது. முழு மதிப்பெண் நாலு. வெண்டல் ஒவ்வொரு பருவமும் நாலு வாங்குவான். அவன் இருந்தால் சராசரி 3.01, இல்லாவிட்டால் 2.89. அதனால் அணியில் அவனுக்குப் பெயரே 'நாலு புள்ளி'.

ஒரு போட்டியிலாவது ஆடிவிட்டுப் பட்டம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. "அடுத்த வசந்தத்துல பாக்கலாம்டா" என்று கோச் மூன்று வசந்தங்களை ஓட்டிவிட்டார். நாலாம் வருடம், மார்ச் மாதக் காற்றில் நடந்த தகுதிச் சுற்றில் வெண்டல் மூன்றாவதாக வந்தான். கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவன்தான் முன்னால். கோச் ஐந்து பேர் பட்டியலை ஒட்டினார். வெண்டல் இல்லை. ஏழாவதாக வந்த பிரெஸ்டன் ஆக்கர்லி இருந்தான். உள்ளரங்கப் பயிற்சிக் கூடம் பிரெஸ்டனுடைய அப்பா கட்டிக்கொடுத்தது.

வெண்டல் என் அறைக்கு வந்தான். "மேடம், நெசமாச் சொல்லுங்க. நான் எதுக்கு இந்த டீம்ல இருக்கேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் மார்க்குக்குத்தான்" என்று போட்டு உடைத்தேன். சராசரிக் கணக்கையும் காட்டினேன். அவன் அணியிலிருந்து விலகும் படிவம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கோச்சிடம் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மிசௌரிப் போட்டிக்குக் கிளம்பிய பஸ்ஸில் வெண்டல் இருந்தான். பிரெஸ்டனுக்கு மணிக்கட்டில் வலி என்று அவனுடைய அப்பாவிடம் சொல்லப்பட்டது.

இதுவரை நான் நல்லவள். இனிமேல் நடந்தது என் தப்பு. அணி வெளியூர் போகும்போது, இன்னின்னாருக்கு வகுப்பிலிருந்து விலக்கு என்று பேராசிரியர்களுக்கு நான் கடிதம் அனுப்ப வேண்டும். அந்த வருடம் முழுக்க அதே கடிதம், தேதியை மட்டும் மாற்றுவேன். அன்றும் அப்படியே அனுப்பினேன். அதில் பிரெஸ்டன் பெயர் இருந்தது, வெண்டல் பெயர் இல்லை. அறையில் போர்த்திப் படுத்திருந்த பிரெஸ்டனுக்கு அந்த வாரப் பரீட்சைகளிலிருந்து விலக்கு. மிசௌரியில் மூன்று நாள் மழையில் ஆடிய வெண்டலுக்கு, எழுதாத வேதியியல் பரீட்சையில் பூஜ்யம்.

திரும்பி வந்ததும் அவன், என்னிடம் வராமல், நேரே பேராசிரியரிடம் போய் டீமோடு போயிருந்ததைச் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்தாராம். "கோல்ஃப் டீம் பசங்கள எனக்குத் தெரியாதா? கடைசி வரிசைல தூங்குவானுங்க. நீ முதல் வரிசைல உக்கார்றவன். யாருகிட்டப்பா கதை விடற?"

மே மாதம் மதிப்பெண் வந்தது. வேதியியலில் வெண்டலுக்கு சி, அதாவது நாலுக்கு இரண்டு. அணியின் சராசரி 2.95. கோச் மூச்சிரைக்க என் அறைக்கு ஓடி வந்தார். நான்கு வருடத்தில் அவர் என் அறைக்கு வந்தது அன்றுதான். மேல்முறையீடு செய்தால் மாற்றிவிடலாம், மாணவன் கையெழுத்து வேண்டும் என்றேன். வெண்டலை வரச்சொன்னோம்.

முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம். மருந்தியல் காலேஜ்ல ஏற்கெனவே எடம் கெடைச்சாச்சு. இந்த சி என்னை ஒண்ணும் பண்ணாது" என்றான்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்றார் கோச். அவர் வாயில் கண்ணு என்று வந்து நான் கேட்டதில்லை. "நீ இல்லேன்னா இந்த டீமே இல்லடா."

வெண்டல் பேனாவை எடுத்தான். "கோச், மிசௌரில கடைசி நாள் நான் எத்தன அடில முடிச்சேன்?"

"பிரமாதமா ஆடினியேப்பா."

"எத்தன?"

கோச் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எழுபத்தெட்டு... இல்ல, எழுபத்தொம்பதோ?"

"எழுபத்திமூணு. அன்னிக்கு நம்ம டீம்ல அதவிடக் கம்மி அடில யாரும் முடிக்கல. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க." அவன் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான். கோச் அவனுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எட்டாயிரம்டா வெண்டல்!"

"அது மட்டும் கரெக்டா ஞாபகம் இருக்கு" என்று சொல்லி, அவருடைய தோளை மெதுவாக நகர்த்திவிட்டு வெளியே போனான்.