கழுகின் அலகு

அத்தை மாடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். சர்க்கரை நோய்க்காரி. மாத்திரை அட்டை கதவுக்கு வெளியே வைத்தது வைத்தபடி கிடந்தது.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தால் வந்த வினை. கழுகைப் போல இளமை திரும்பும் என்ற வேதாகமச் சங்கீத வரியை அத்தையின் தம்பியான போதகர் வாசித்தார். வாசித்த கையோடு, வயதான கழுகு மலையுச்சியில் பட்டினி கிடந்து, அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகோடு பறந்து வரும் கதையையும் சொன்னார். எது வரி, எது கதை என்று பிரித்துச் சொல்லவில்லை. சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அத்தை ஒருபடி மேலே போய், புது உடம்போடுதான் இறங்குவேன் என்று மாடி ஏறிவிட்டாள்.

பிரசங்கத்தை டைப் செய்து கொடுத்தது போதகரின் மகள். விலங்கியல் படித்தவள். சனிக்கிழமையே கழுகுக் கதைப் பத்தியில் அவள் கை நின்றது. ஆனால் அப்பா அன்று அத்தனை சந்தோஷமாக இருந்தார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, இரண்டு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.

இப்போது போதகர் கதவருகே நின்று கெஞ்சினார்.

“அக்கா, ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் ஜெபம் பண்ணேன்.”

“கழுகு நடுவுல எறங்கி வந்து சாப்பிட்டுச்சாடா?”

“வேதத்துல இருக்கறத எல்லாம் அப்படியே செய்யணும்னு இல்லக்கா.”

“அப்ப எதுக்கு வாராவாரம் தொண்டை கிழியக் கத்துறே?” நையாண்டி குறையவில்லை. நாக்குத்தான் குழறியது.

“உண்மையைச் சொல்லிடுங்கப்பா,” என்றாள் மகள், தாழ்ந்த குரலில்.

“சொன்னா, இனிமே நான் எதப் படிச்சாலும் இது வேதமா வேற ஏதாவதான்னு கேப்பாங்கம்மா.”

கேட்கட்டுமே என்று நினைத்தாள். வழக்கம்போல் சொல்லவில்லை.

உள்ளே டம்ளர் விழுந்து உருண்டது.

“அத்தை?”

“ஒண்ணுமில்லடி. இறகு உதிருது.”

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமையே அவள் சொல்லியிருந்தால் அவர் ஒருவரின் முகம்தான் வாடியிருக்கும். மகள் கதவில் நெற்றியை வைத்தாள்.

“அத்தை, அந்தக் கதை வேதத்துல இல்ல. அப்பா போனுக்கு யாரோ அனுப்பினது. அலகு உடைஞ்ச கழுகு திரும்பப் பறக்காது அத்தை. பட்டினியில செத்துப்போயிடும்.”