ஒரு சாண் பின்னால்

அக்கா ஸ்டியரிங்கைத் தொட்டு இருநூற்றுப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

அன்று காரை நான் ஓட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ட்ரெய்லரில் எங்கள் படகு. கேட்டமரான் என்று சொன்னால் பலர் மீனவர்களின் கட்டுமரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. ஒல்லியான இரண்டு ஃபைபர் உடல்கள், நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலை, மேலே பாய். ஓட்ட இரண்டு பேர் போதும். ஆறு வருடங்களாக அந்த இரண்டு பேர் நாங்கள்தான். எந்த ஊர்த் தண்ணீரில் போட்டி என்றாலும் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவோம். தண்ணீரில் அவள் சுக்கான், நான் பாய்க் கயிறு. சாலையில் அவள் ஓட்டுவாள், நான் கட்டுகளைப் பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் ட்ரெய்லரைச் சுற்றி வந்து "சரி" என்று சொல்ல வேண்டியது என் வேலை.

இந்த முறை நாங்கள் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. போட்டி நடக்கும் ஏரிக்கரையில் படகை ஒரு பல் டாக்டருக்கு விற்று ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

"விஞ்ஞானி, அந்த சைக்கிள்காரர் நம்மள ஓவர்டேக் பண்ணப் போறாரு பாரு."

இயற்பியலில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு நான் விஞ்ஞானி.

"அறுபதுல போறேன்க்கா."

"போ, போ. மெதுவாவே போ. என்ன மாதிரி கவுத்துடாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஐம்பத்தைந்துக்குக் குறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் ஃபோன் அடித்தது. பள்ளி வேன்களை நடத்தும் அம்மாள், அக்காவின் பழைய முதலாளி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, உன் இடத்துக்கு வந்தாரே, அவரு வெள்ளிக்கிழமையோட நின்னுக்குறாராம். பிள்ளைங்க இன்னும் உன்னத்தான் கேக்குதுங்க. வரியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா? சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு."

"யோசிச்சு சொல்றேன்மா."

வைத்த பிறகு என்னிடம், "யோசிக்க என்ன இருக்கு இதுல. பட்டுன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு பாத்தேன்" என்றாள்.

ஒன்பது வருடம் அந்த வேனை ஓட்டினவள் அவள். பதினான்கு பிள்ளைகள். எவன் வாசலிலேயே அழுவான், எவளுக்கு வளைவில் வாந்தி வரும், எந்த வீட்டில் அப்பா ஷூ லேஸோடு ஓடிவருவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. விபத்து நடந்த மறுநாள் சாவியை அவளாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். பேருந்தில் போய் வருகிறாள்.

விபத்து என்றால் யாருக்கும் அடி இல்லை. நீண்ட இறக்கம், பக்கக் காற்று. ட்ரெய்லர் முதலில் லேசாக ஆடியது. பிறகு காரையே இடமும் வலமுமாக இழுத்தது. அக்கா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். ட்ரெய்லர் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு சாலையின் குறுக்கே கவிழ்ந்தது. பின்னால் வந்த கார் கிறீச்சிட்டு நின்றது. கவிழ்ந்த பாய்மரத்தின் நுனிக்கும் அந்தக் காரின் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் இருந்தது. காரின் பின்சீட்டில் குழந்தை இருக்கை. அதில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அதைத் தவிர அன்று அவள் வேறெதையும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

போலீஸ்காரர் எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"நான்தான் சார். இறக்கத்துல வேகம் வெச்சுட்டேன்" என்றாள்.

நான் பக்கத்தில் என் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பையை எடுக்கத்தான் நான் காரின் டிக்கிக் கதவைத் திறந்தேன். விபத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால், பெட்ரோல் பங்க்கில். எதிர்பாராமல் மாதவிடாய் வந்துவிட்டது. நாப்கின் பைக்குள், பை டிக்கிக்குள். படகோடு சேர்த்துக் கட்டியிருந்த பாய்மரம் காரின் மேல் நீட்டிக்கொண்டிருந்ததால் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அக்கா டீக்கடையில் மற்றப் படகுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டால் நான்கு ஆண்கள் கூடவே ஓடிவருவார்கள். என்ன வேணும், எதுக்கு, நாங்க எடுத்துத் தர்றோம் என்பார்கள். கூப்பிடவில்லை.

இரண்டு பட்டைகளைத் தளர்த்திப் படகைப் பின்னால் தள்ளினேன். ஒரு சாண். தரை அந்தப் பக்கம் சரிவு, ட்ரெய்லரின் உருளைகளில் சுலபமாகப் போய்விட்டது. பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்து, படகை முன்னால் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. இன்னொரு முறை தோளைக் கொடுத்துத் தள்ளினேன். நகரவில்லை. ஒரு சாண்தானே என்று பட்டைகளை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

அக்கா எனக்கும் ஒரு டீயோடு வந்தாள். "எல்லாம் சரியாடி?"

"சரி."

ஒரு சாண் என்ன செய்யும் என்று பிறகு என் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படகு நூற்று அறுபத்தைந்து கிலோ. அச்சிலிருந்து கொக்கிவரை மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். கொக்கியை அழுத்தியிருக்க வேண்டிய கனத்தில் கிட்டத்தட்டப் பாதி போயிருந்தது. முன்பக்கக் கனம் குறைந்தால் ட்ரெய்லரின் வால் ஆடும். கல்லூரி முதல் வருடப் பாடம். அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

முதல் நாள் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் கழித்து, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு அவள் லேபிள் ஒட்டப் போனதையும் சேர்த்து. அது வளர்ந்துகொண்டே போனது.

ஏரிக்கரையில் வரிசையாகப் பாய்மரங்கள் நின்றன. அவற்றின் கம்பிகள் காற்றில் பாய்மரங்களைத் தட்டிக்கொண்டிருந்தன. பலர் அக்காவைப் பார்த்துக் கையாட்டினார்கள். பல் டாக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், வெயில் தொப்பி போட்ட பெண்மணி. விபத்தில் உடைந்து அக்கா ஒட்டுப்போட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா அடைச்சிருக்கீங்களே. எங்க கிளினிக்குக்கு வந்துடுங்க, வேலை தர்றேன்."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு சட்டைக்கையை மடித்துக்கொண்டு, சக்கரத்துக்கு எப்படி கிரீஸ் வைப்பது, பட்டைகளை எப்படி முறுக்குவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ட்ரெய்லரின் மூக்கை, கொக்கியில் மாட்டும் முன்நுனியை, தூக்கிப் பார்க்கச் சொன்னாள்.

"இவ்வளவு கனமா இருக்கணுமா?"

"ஆமாங்க. ரெண்டு வாளி தண்ணியத் தூக்குற மாதிரி இருக்கணும். குறைஞ்சா வால் ஆட ஆரம்பிச்சுடும்."

"நீங்க சொன்னீங்களே, அன்னைக்கு ஆடினது அதனாலயா?"

"இல்லைங்க. அன்னைக்குக் காலையில நானே தூக்கிப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. படகு மேல, ட்ரெய்லர் மேல ஒரு குத்தமும் கிடையாது. தப்பு என் கையில."

"எவ்வளவு வேகத்துல போனீங்க?"

"எண்பது."

"எண்பதெல்லாம் ஒரு வேகமாங்க?"

"நேராப் பிடிக்கத் தெரியாதவளுக்கு அது ஜாஸ்திதான்."

டாக்டர் ஏதோ சொல்ல வந்து என்னைப் பார்த்தார். நான் குனிந்து, ஏற்கனவே இறுக்கமாக இருந்த ஒரு பட்டையை இறுக்கினேன்.

காகிதங்களில் கையெழுத்தானது. டாக்டரின் காரில் ட்ரெய்லரை மாட்டிவிட்டோம். அக்கா வலையின் மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்து எடுத்தாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பின்னால் எதுவும் இல்லாத எங்கள் கார் சின்னதாகத் தெரிந்தது. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் கிரீஸ்.

"ஃபோன எடு. வேன்காரம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுடு."

எடுத்தேன்.

"எழுது. அம்மா, என்ன மன்னிச்சுக்குங்க. வேற ஆள் பாத்துக்குங்க."

எழுதினேன்.

"இன்னும் ஒண்ணு. அவங்க விட மாட்டாங்க, திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்க. எழுது. ஒரு ட்ரெய்லரையே நேராக் கொண்டுபோகத் தெரியல எனக்கு. என்ன நம்பிப் பிள்ளைங்கள ஏத்தாதீங்க."

'பிள்ளைங்கள' வரை எழுதினேன். கட்டைவிரல் நின்றுவிட்டது.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"சிக்னல் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன மசமசன்னு? குடு, நானே மூக்கால அமுக்குறேன்."

ஃபோனை என் மடியில் கவிழ்த்து வைத்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி?"

"அன்னைக்கு ட்ரெய்லர் மூக்குல கனம் இல்லக்கா. நீ காலையில பாத்தப்ப இருந்துச்சு. பெட்ரோல் பங்க்ல பை எடுக்கறதுக்காக நான்தான் படகப் பின்னாடி தள்ளினேன். திரும்ப முன்னாடி தள்ள முடியல. உன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்."