தோளில் வந்து உட்கார்ந்தது

"தோட்டம் போட்டவன் மறைந்தால் செடிகளும் கண்ணீர் விடுகின்றன" என்று வங்க மொழியில் முழங்கினார் காலனி சங்கத் தலைவர் நரேன்பாபு. செடிகள் ஒன்றும் விடவில்லை. தோட்டத்துக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஹாலில், அப்பாவின் தலைமாட்டில் ரஜனிகந்தா என்கிற சம்பங்கிப் பூக்களைச் செருகிக்கொண்டிருந்த மதுவந்திக்குப் பேச்சைவிட அந்தச் சொட்டுச் சத்தம்தான் தெளிவாகக் கேட்டது.

டாலிகஞ்சின் அந்தக் குடியிருப்பில் குப்பை கொட்டும் மதிலோரத்தை, துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கொத்தத் தொடங்கினார் அவள் அப்பா முருகானந்தம். இட்லிப்பூ, உண்ணிப்பூ, எருக்கு, செண்டுமல்லி. தேனீயும் பட்டாம்பூச்சியும் வந்தால் தெருவுக்கே களை வந்துவிடும் என்றார். வந்தன. முதலில் புழுக்கள் வந்தன. அவை படியேறுகின்றன என்று மருந்தடிக்க ஆள் அனுப்பியவர் இதே நரேன்பாபு. இப்போது தோட்டத்துக்கு முருகானந்தத்தின் பெயரை வைக்கப்போவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்.

வங்காளிப் பையன் சுபீரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மதுவந்தி சொன்ன தை மாதத்திலிருந்து அப்பா அவளிடம் நேராகப் பேசவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டே, எல்லாம் அம்மா வழியாகத்தான். நேற்று செடிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும், "ஷியாமளா, அவளைக் குழாயை மூடச் சொல்லு" என்றார். அதுதான் கடைசி. அவள் மூடவில்லை.

சுபீர் கேட்டுக்கு வெளியே நின்றான். அவனை ஒரு நாளும் உள்ளே விட்டதில்லை.

ஜன்னல் வழியாக ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி வந்தது. அப்பாவின் முகத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மதுவந்தியின் இடது தோளில் உட்கார்ந்து, மூச்சு விடுவதுபோல இறக்கையைத் திறந்து மூடியது. இறக்கையில் கண் போன்ற வட்டங்கள். அவை அவளையே பார்த்தன.

"உங்கப்பாதான்டி. அசையாத" என்றாள் ஷியாமளா.

"ஓ மா! ப்ரஜாபதி!" என்று ஆரம்பித்த பக்கத்து வீட்டு வங்காளி மாமி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டாள் ஷியாமளா.

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுடி. எனக்குத் தெரிஞ்ச வங்காளி கத்திரிக்கா வாங்கறதோட சரி."

"ப்ரஜாபதின்னா பட்டாம்பூச்சி. அது யார்மேல உக்காருதோ அவங்களுக்குக் கல்யாணம் ஆகுமாம்."

வெளியே குழாய் சொட்டியது. மூக்கில் பஞ்சு வைத்த அந்த முகத்தையே ஷியாமளா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுல நிக்கிற பையனை உள்ள வரச் சொல்லு" என்றாள். "தூக்க ஒரு ஆள் கொறையுது."

சுபீர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கால்மாட்டில் நின்றான். பட்டாம்பூச்சி அப்போதும் போகவில்லை.

மதுவந்தியின் அந்தத் தோளில், வாயைத் துடைத்தபோது ஒட்டிய மாம்பழத்தின் தித்திப்புச் சாறு இருந்தது. உடலை எடுக்கும்வரை யார் பல்லிலும் தண்ணீர்கூடப் படக்கூடாத வீட்டில், காலையில் பசி தாங்காமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரு ஹிம்சாகர் மாம்பழம் தின்றிருந்தாள்.