வசந்த்குமாரின் நேர்மை

தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டதற்காக எண்பத்து மூன்று பேர் வசந்த்குமாரைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். "என்ன துணிச்சல் நண்பா!" என்று ஒருத்தர். "உங்களைப் போல் பத்துப் பேர் இருந்தால் இந்தத் துறை உருப்படும்" என்று இன்னொருத்தர். துறை நன்றாக உருப்படட்டும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வர இருந்த வேலை போய்விட்டது. அது அந்த எண்பத்து மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் மேரி. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வசந்த்குமார் எங்கள் தெருப் பையன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. புரோகிராம் எழுதுவது எப்படி என்று தமிழில் ஒரு வலைப்பதிவும் நடத்துகிறான். 2008இல் எங்கள் சர்ச்சுக்கு இலவசமாக ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். ஞானஸ்நானப் பதிவேட்டை டைப் அடித்து, பாஸ்டர் மட்டும் பார்க்கட்டும் என்று அதில் ஏற்றினான். ஏற்றிய மகராசன் பாஸ்வேர்ட் போட மறந்துவிட்டான்.

எங்கள் தெருவில் அந்தப் பதிவேடு சாதாரணக் காகிதம் இல்லை. சாதிச் சான்றிதழில் இந்து என்று இருந்தால்தான் எஸ்.சி. கோட்டா. முழுக்கு ஞானஸ்நானம் வாங்கியது தெரிந்தால் கோட்டா போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, ஆபீஸ் காகிதத்தில் இந்து. மதம் மாறியதும் எங்களை ஊருக்குள் கூப்பிட்டுக் குடிவைத்துவிட்டார்களா என்ன? தெரு முழுக்கத் தெரிந்த விஷயம், ஆனால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் ஒரு அசடு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன்.

கூலி வேலைக்குப் போகும் வேதகிரியின் மகள் நிஷா, குரூப் ஃபோர் பரீட்சையில் பாஸ் செய்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் சர்க்கார் வேலை. சான்றிதழ் சரிபார்ப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த வாரம் பார்த்து வசந்த்குமார் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, பிளாக்ல புதுசா ஒண்ணு போட்டுக்கீறேன். படிச்சிட்டு கமெண்ட் போடு."

படித்தேன். 'நான் செய்த பாதுகாப்புத் தவறு' என்று தலைப்பு. ஒரு வருஷமாகத் திறந்து கிடந்த ஃபோல்டர், அதன் முகவரி, சாட்சிக்குப் பதிவேட்டில் ஒரு பக்கத்தின் படம். அதில் நான்காவது வரியில் நிஷா, தகப்பன் பெயர் வேதகிரி, முழுக்கு வாங்கிய தேதி. அவன் கொடுத்த முகவரியைத் தட்டினேன். மொத்தப் பதிவேடும் வந்து நின்றது. பாவி, இன்னும் பூட்டவே இல்லை!

உடனே போன் போட்டேன். "டேய், கதவச் சாத்தாம இன்னாத்துக்குடா ஊரக் கூப்ட்டுக்கினு கீறே?"

"ஞாயித்துக்கெயமை சரி பண்ணிடுவேன்க்கா. தப்ப மறைக்கக் கூடாது. நாலு பேரு படிச்சாத்தான கத்துக்குவாங்க?"

"எய்து, வேணாம்னு யாரு சொன்னா? மொதல்ல பூட்டு. அப்பால, யாரு பேரெல்லாம் வெளிய போச்சோ அவங்க வூட்டுக்குப் போய்ச் சொல்லு. அதுக்கப்புறம் எய்து."

"ஒனக்கு டெக்னிக்கலா புரியலக்கா," என்றான்.

புரியவில்லையாம்! பூட்டிவிட்டுப் பேச வேண்டும் என்பதற்கு என்ன டெக்னிக்கல் வேண்டியிருக்கிறது? அடுப்பில் பால் வைக்கத் தெரிந்தவளுக்குக்கூடத் தெரியும். நான் திட்டிய திட்டில் மறுநாள் படத்தை எடுத்தான், ஃபோல்டரையும் பூட்டினான். அதற்குள் எவனோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, ஒரு மொட்டைக் கடுதாசியோடு சேர்த்துச் சான்றிதழ் சரிபார்க்கும் ஆபீசுக்கு அனுப்பிவிட்டான்.

சரிபார்ப்பில் அதிகாரி அந்தக் காகிதத்தைக் காட்டி, "இது நீதானேம்மா?" என்று கேட்டார். நிஷா ஆமாம் என்றாள். விசாரணை என்றார்கள், கொஞ்ச நாளில் சான்றிதழையே ரத்து செய்தார்கள். உத்தரவோடு அந்தக் காகிதத்தின் நகலையும் அவள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவள் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிறு வசந்த்குமார் வேதகிரி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கிலோ ஆப்பிள் வேறு. நானும் அங்கேதான் இருந்தேன். மன்னிப்புக் கேட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதோடு போயிருந்தால் மனிதன்.

"நிஷா, ஒனக்கு ஆனதயும் பிளாக்ல எய்தட்டா? பேரு போட மாட்டேன். இந்த மாதிரித் தப்பால மனுசங்களுக்கு இன்னா ஆவுதுன்னு எல்லாருக்கும் தெரியணும்."

வேதகிரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எய்துனா வேல திரும்பி வருமா நைனா?" என்று கேட்டார்.

நிஷா உள்ளே போய் அந்த நகலை எடுத்துவந்து அவன் எதிரே தரையில் விரித்தாள். நான் அன்றைக்குத்தான் அதைச் சரியாகப் பார்த்தேன். முன்பு நிஷாவின் வரியைத் தாண்டி என் கண் போகவே இல்லை. பன்னிரண்டு வரி, பதினொரு பெயர். அவள் பெயருக்கு அடுத்த வரி மட்டும், அவன் பிளாகில் போட்ட படத்திலேயே, அழகாகக் கறுப்பு அடித்து மறைத்திருந்தது.

"இது யாருண்ணா?" என்றாள்.

முழுக்கு அன்று திருப்புலிவனம் ஏரியில் அவளுக்கு அடுத்து முங்கி எழுந்தது யார் என்று தெருவுக்கே தெரியும். அவளிடம் இருந்த அதே மாதிரிச் சான்றிதழில் இன்ஜினியரிங் சீட்டு வாங்கியவன் யார் என்றும் தெரியும். வசந்த்குமார் எழுந்து செருப்பைத் தேடினான்.

"எய்துண்ணா," என்றாள் நிஷா. "இதயும் சேத்து எய்து."

வருஷம் ஆறாகிறது. அவன் எழுதவில்லை.