பெயர் வெட்டாத உயரமானி

தி.நகர் ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சிதம்பரநாதனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. மற்றவர்களுக்குச் சீட்டு, சினிமா, அரசியல் என்று ஏதாவது இருக்கும். அவருக்கு இரண்டாம் உலகச் சண்டைக் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களின் மீட்டர்கள். விமானி உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே வட்ட வட்டமாகப் பதித்திருப்பார்களே, அவைதான். சண்டை முடிந்ததும் அந்த விமானங்களை உடைத்து, இரும்போடு இரும்பாக ஏலம் போட்டுவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்தும் அவற்றின் மிச்சம் பட்டணத்துக் காயலான் கடைகளில் ஏதாவது ஒரு மூலையில் கிடந்தது. அண்ணாச்சி என்று தெருவே கூப்பிட்ட சிதம்பரநாதனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மூலைகளில்தான் கிடந்தார்.

கடைக்கு மேலே வீடு. கூடத்துச் சுவரில் ஒரு தேக்குப் பலகை, அதில் ஆறு துளைகள். வேகம் காட்டுவது, திசை காட்டுவது, சாய்வு காட்டுவது என்று ஐந்து துளைகள் நிரம்பிவிட்டன. ஆறாவது துளை மூன்று வருஷமாக வெறும் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது. அது உயரமானிக்கான இடம். பதினெட்டு வயதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, யாரோ ஒருவர் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நாளில், தலைக்கு மேல் போன அந்த விமானங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்தவர் அவர். எத்தனை அடி உயரத்தில் போகிறது என்ற கேள்வி அன்றைக்கு மண்டையில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

"மாடி ஏறுததுக்குள்ள உங்களுக்கு மூச்சு வாங்குது. இதுல ஆகாசத்துல எத்தனை அடின்னு வேற பாக்கணுமாக்கும்" என்பாள் மனைவி சண்முகவடிவு. பல்லி வருகிறதென்று அந்தத் துளையில் பழந்துணியைச் செருகியும் வைப்பாள். அவர் வந்து பிடுங்கிப் போடுவார்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், மயிலாப்பூர் கச்சேரி ரோடில் பழைய சாமான் கடை வைத்திருந்த உமர் ஃபாரூக் சொல்லியனுப்பினார். அவருடைய பெரியம்மா அன்வரி பேகத்திடம் ஒரு உயரமானி இருக்கிறதாம். அண்ணாச்சி கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. அன்வரி பேகத்துக்கு அறுபதுக்குள்தான் இருக்கும். உயரமானி அலமாரியில் ஒரு வெள்ளைத் துணியின் மேல் இருந்தது. கண்ணாடியில் ஒரு விரிசல், மற்றபடி குறையில்லை. அவருடைய கணவர் அப்துல் வஹீத் சண்டைக் காலத்தில் விமானத்தளத்தில் மீட்டர் பழுது பார்த்தவர். கண்ணாடி விரிந்ததென்று கழித்துப்போட்டதை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறு மாதம், பழுது பார்த்த மீட்டர் மேலே போய்ச் சரியாக ஓடுகிறதா பார் என்று அவரையும் விமானத்தில் ஏற்றினார்கள். கடல் பக்கம் போன விமானம் திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை, மனிதரும் கிடைக்கவில்லை.

"மழை வர்றதுக்கு முன்னாடி இந்த முள்ளு தானா மேல ஏறும். அவரு இன்னும் ஏறிக்கினே கீறாருன்னு நெனச்சிக்குவேன்" என்றார் அன்வரி பேகம்.

காற்றின் அழுத்தம் குறைந்தால் உயரமானி ஏமாந்து ஏறும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மாளுக்குப் பணம் வேண்டாம். அப்துல் வஹீத் தாம் பழுது பார்த்த ஒவ்வொரு மீட்டரின் முதுகிலும், மேலதிகாரிக்குத் தெரியாமல், ஒரு பிறையும் மூன்று புள்ளியும் கீறிவைப்பாராம். கழித்துப்போட்ட இந்த உயரமானியை அவர் பழுது பார்க்கவே இல்லை, அதனால் இதில் அந்தக் கீறல் கிடையாது. அண்ணாச்சியிடம் இருப்பவற்றில் ஒன்றிலாவது அது இருந்தால், அதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் பேச்சு.

பார்த்துச் சொல்கிறேன் என்று அண்ணாச்சி அவசரமாக எழுந்துவிட்டார். ஏனென்றால் அவர் பாத்திரக்கடைக்காரர்.

அந்தக் காலத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் ஒரு வீட்டுக்குள் போகாது. அண்டாவிலிருந்து எண்ணெய்க் கரண்டி வரைக்கும் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். பழைய பாத்திரம் மாற்றுக்கு வந்தால், முதல் வேலை அதிலுள்ள பெயரை அரத்தால் தேய்த்து எடுப்பது. இன்னொரு குடும்பத்தின் பெயரை அடுக்களையில் வைத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? இருபது வருஷப் பழக்கம், யோசித்துச் செய்கிற காரியமா அது? ஒவ்வொரு மீட்டரும் வந்த அன்றைக்கே, பெயர் வெட்டும் முருகையனிடம் போய், முதுகு பளபளவென்று தேய்ந்து, 'ம.சி.' என்று அவர் பெயரை வாங்கிக்கொண்டுதான் மாடி ஏறியது.

கடைக்குத் திரும்பியதும் முருகையனை மேலே கூப்பிட்டு, பிறை விஷயத்தைச் சொல்லி, ஐந்தையும் திருப்பிக் காட்டினார். முருகையன் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு வேகமானியைத் தொட்டான்.

"இதுலதான் மொதலாளி. பிறை மாதிரி ஒண்ணு, பக்கத்துல மூணு புள்ளி. ஆழமா கீறிக் கெடந்துச்சு. தேய்க்கிறதுக்குள்ள கை விட்டுப்போச்சு."

அண்ணாச்சி வேகமானியின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு முருகையனே, இதென்ன பெரிய காரியம், ரெண்டு நிமிஷத்தில் அதே மாதிரி வெட்டித் தருகிறேன், கொஞ்சம் கறுப்பு ஏற்றிவிட்டால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னான். அண்ணாச்சி ஆறாவது துளையைப் பார்த்தார். அன்றைக்கும் அதில் பழந்துணி செருகியிருந்தது.

"வெட்டு" என்றார்.

அச்சு அசலாக வந்திருந்தது. மறுநாள் அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூருக்குப் புறப்பட்டார். ஒரு கிழவி மனம் குளிரப்போகிறது, நமக்கும் காரியம் ஆகப்போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து தமக்குத்தாமே வழக்காடிக்கொண்டே போனார். ஆழ்வார்பேட்டை வருவதற்குள் வழக்கை ஜெயித்தும்விட்டார்.

பை வாசலில் தெரிந்ததுமே அன்வரி பேகம் எழுந்து போய்க் கை கழுவினார். முந்தானையால் ஈரத்தைத் துடைத்துத் தலையை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஏந்தினார்.

ஜெயித்த வழக்கெல்லாம் அந்தக் கைகளுக்கு முன்னால் எடுபடவில்லை. அண்ணாச்சி பையைத் திறக்காமலே சொன்னார். "அம்மா, இது அவரு கீறுனது இல்ல. அவரு கீறுனதை நான்தான் தேய்ச்சு அழிச்சிட்டேன். இது எங்க கடை ஆள் நேத்து வெட்டுனது." பெயர் வெட்டும் பழக்கத்தை விளக்கப் பார்த்தார். விளக்க விளக்க அவருக்கே அசிங்கமாக இருந்தது.

அன்வரி பேகம் அழவில்லை, திட்டவுமில்லை. பையை வாங்கி, வேகமானியை எடுத்துத் திருப்பினார். பிறைமேல் விரலை வைக்காமல், பக்கத்திலிருந்த எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். தம்முடைய பெயர் என்று அண்ணாச்சி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டையும் அழிச்சிட்டுக் கொண்டாங்க" என்றார் அந்த அம்மாள். "ஒண்ணும் இல்லாம இருந்தா, அவரு கை பட்ட எடம் இதுன்னு தெரியும். அது எனக்குப் போதும்."

அன்று மத்தியானம் கடையில் எல்லோரும் பார்க்க, முதலாளி முருகையனின் சாக்குமேல் சப்பணமிட்டு உட்கார்ந்தார். முருகையன் பதறிப்போய் அரத்தை வாங்க வந்தான். கொடுக்கவில்லை. மூன்று மணி நேரம் தேய்த்தார். பிறை சீக்கிரம் போய்விட்டது. 'ம.சி.'தான் ஆழமாக இருந்தது. முருகையன் தொழில் சுத்தமானவன். அண்ணாச்சியின் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. அப்துல் வஹீத் யாருக்கும் தெரியாமல் கீறுவதற்கு எவ்வளவு பயந்திருப்பார், அதை அழிக்கத் தமக்கு ஒரு நிமிஷ யோசனைகூட வரவில்லையே என்று நினைத்தபோது, வாடிக்கையாளர் முன்னாலேயே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்வரி பேகம் அந்த வெற்று முதுகைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். உயரமானியைக் கேட்கும் யோக்கியதை தமக்கு இல்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். பின்னாலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டார். வெள்ளைத் துணியோடு அதை எடுத்து நீட்டினார்.

"எடுத்துக்கினு போங்க. ஆனா இதுல பேரு வெட்டாதீங்க."

பலகையில் இப்போதும் ஒரு துளை காலிதான், வேகமானி இருந்த துளை. சண்முகவடிவு அதில் பழந்துணியைச் செருகியபோது அண்ணாச்சி பிடுங்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். அவள் துணியைத் தானே எடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் தார்ப்பாய்களை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. உயரமானியின் முள் மெதுவாக அசைந்து, முந்தைய நாளைவிட நூறு அடி மேலே போய் நின்றது. காற்றழுத்தம் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் முருகையன் இரண்டு தரம் கூப்பிட்டும் அண்ணாச்சி கடைக்கு இறங்கிப் போகவில்லை. மழை விட்டு, முள் கீழே வரும்வரை, நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.