டீ குடிக்கப் போனவர்

செங்கல்பட்டில் அந்த அரசு அலுவலகத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. நாற்காலியில் பை தொங்கினால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். சுப்புராமனின் பை ஒரு நாளும் லீவு போட்டதில்லை. சுப்புராமனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கல்லூரிப் பிள்ளைகள் அரசு அலுவலகங்களில் வேலைப் பயிற்சி எடுத்துக்கொண்டே படிக்கலாம் என்று திட்டம் வந்தபோது, மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். சுப்புராமன் மட்டும் பூரித்துப் போனார். பைக்கு வாய் கிடையாது; மாணவிக்கு உண்டு.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் கடப்பாக்கத்து ஃபைஸா. முதல் நாளே பாடம் நடந்தது.

"யாராவது என்னைக் கேட்டா இன்னா சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்லுவேன் சார்."

"தப்பு. 'இப்பதான் டீ குடிக்கப் போனாரு'ன்னு சொல்லணும். அந்த 'இப்பதான்' ரொம்ப முக்கியம்மா."

சும்மா சொல்லக்கூடாது, ஃபைஸா கெட்டிக்காரி. மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த எல்லம்மாளிடம்கூடக் கண்ணிமைக்காமல் சொன்னாள். வீட்டுமனைப் பட்டாவுக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்தவள் அந்த அம்மாள்.

"இன்னா கண்ணு, அந்தாளு டீ குடிக்கப் போனானா, டீ எல பறிக்கப் பூட்டானா?" என்று கேட்டுவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

ஃபைஸாவுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பயிற்சி முடிந்ததாகச் சுப்புராமன் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் கேளம்பாக்கத்துக் கம்பெனி வேலை. வெட்கம் பார்த்தால் ஆகுமா?

பயிற்சி முடியும் சமயத்தில் அடுத்த மாணவி ஜெபா வந்தாள். அவளுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பு ஃபைஸா தலையில் விழுந்தது. "யார் அழுதாலும் அசையாத. மூஞ்சிய மட்டும் பாவமா வெச்சுக்க" என்று தன் அனுபவத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். கையெழுத்தைக் கேட்டால் சுப்புராமன், "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

பயிற்சிச் சான்றைக் கல்லூரியில் கொடுக்கக் கடைசி நாளும் வந்துவிட்டது. ஃபைஸா அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். நாற்காலியில் பை தொங்கியது; பக்கத்தில் ஜெபா உட்கார்ந்திருந்தாள்.

"சார் எங்கடி? இன்னிக்குக் கையெழுத்து வாங்கலன்னா என் வேலை போயிடும்!" ஃபைஸாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜெபா அசையவில்லை. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"இப்பதான்க்கா, டீ குடிக்கப் போனாரு."

சுவரோரத்து பெஞ்சில் எல்லம்மாள் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள்.

"வா கண்ணு, குந்து."